கையை விடும் முன் ஒரு தட்டு தட்டுங்கள்!

ஆடி பிறந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படங்கள் குறைந்து வெண்டைக்காய் படங்கள் ஏறிவிடும். இந்த வருடம் அந்த ஆசை அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பத்து குரோபேக், ஒரு கோகோபீட் கட்டி, கத்தரி, தக்காளி, வெண்டை விதைகள் வாங்கியாயிற்று. வீடு செங்கல்பட்டுப் பக்கம், தரைத்தளம். பின்னால் புதர் மண்டிய காலி மனை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், "இங்க வா... ஓடி வராத, மெதுவா வா" என்று அம்மாவின் குரல். மூலையில் அடுக்கியிருந்த காலிப் பைகளில் ஒன்றை உருவியிருக்கிறார். அடியில் கறுப்பு உடம்பில் வெள்ளை வரிகளோடு ஒன்று சுருண்டு கிடந்தது. இதே மாதிரி வரிகள் உள்ள விஷமில்லாத பாம்பும் உண்டாம். அந்த நேரத்தில் யார் நின்று எண்ணிப் பார்ப்பது? தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தோம். வந்து பிடித்தவர்கள், "கட்டுவிரியன்தான். கையை உள்ளே விட்டிருந்தீங்கன்னா...?" என்று பாதியில் நிறுத்தினார்கள்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும், பகலில் இருட்டான இடமாகப் பார்த்து முடங்கும். செங்கல் குவியல், காய்ந்த சருகு, சும்மா போட்டு வைத்த சாக்கு எல்லாம் அதற்கு வசதி. கடித்தால் பல நேரம் பெரிதாக வலிக்காது, வீங்காது. எறும்பு என்று நினைத்துத் தூங்கப் போய்விடுவார்கள். சில மணி நேரம் கழித்து இமை சொருகும், பேச்சு குழறும், பிறகு மூச்சே சிரமமாகும். அதனால் தோட்டத்தில் "ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று யார் சொன்னாலும் அலட்சியம் வேண்டாம்.

கடித்துவிட்டால்? மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். சினிமாவில் வருவது போல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைத் தேடி அடித்து பையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம்மிடம் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்குத் தேவையான விஷத்தை எங்கள் மாவட்டத்து வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிறார்கள் என்பது எனக்கே இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தேடியபோதுதான் தெரிந்தது.

"எங்க வீட்ல மாடித்தோட்டம், பாம்பு வராது" என்கிறீர்களா? தேளும் பூரானும் ஈரமான பைக்கு அடியில் குடியேறும். மாடியில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை எடை. தண்ணீர் ஊற்றிய மண் ஒரு லிட்டர் அளவுக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. 20 லிட்டர் பை ஒன்று 30 கிலோ, பத்து வைத்தால் 300 கிலோ. கோகோபீட் அதிகமாகக் கலந்தால் எடை குறையும். தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் பீமும் தாங்கும் ஓரமாகப் பரப்பி வையுங்கள். பழைய வீடென்றால் முதலில் ஒரு இன்ஜினீயரிடம் கேட்டுவிடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் தொட்டி வேண்டவே வேண்டாம். கீழே நடந்து போகிறவர் தலை என்ன பாவம் செய்தது?

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த 3ஜி கரைசலை, இயற்கை மருந்துதானே என்று கண்ணாடி கூடப் போடாமல் எதிர்க்காற்றில் தெளித்தேன். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. குழாயடியில் கால் மணி நேரம் கழுவிய பிறகுதான் உயிர் வந்தது. இப்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரேயரையே தொடுகிறேன். மீந்த கரைசலையோ பூச்சிமருந்தையோ கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டுக் குழந்தைக்கு அது கூல்டிரிங்ஸ்தான்.

இன்னும் ஒன்று. மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். ரோஜா முள் குத்தினாலும், கொத்து பட்டாலும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கடைசியாக எப்போது டிடி ஊசி போட்டீர்கள் என்று அம்மா, அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை, மறுநாளே மூவரும் போய்ப் போட்டுக்கொண்டோம். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு வாரம் போதும். அழகுக்கு அரளியும் செங்காந்தளும் வைப்பவர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனால் அதன் கிழங்கு கடும் விஷம்.

அம்மா தோட்டத்தை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே காலிப் பைகளை வீட்டுக்குள் ஆணியில் தொங்கவிட்டார், மூலையிலிருந்த செங்கல்லை அப்புறப்படுத்தச் சொன்னார். தடிமனான கையுறையும், காலுக்கு கம்பூட்ஸும் வாங்கிக்கொண்டார். கையில் ஒரு துடைப்பக் கட்டை. எந்தப் பையைத் தொடுவதற்கு முன்பும் டொக் டொக் என்று இரண்டு தட்டு. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்காத குறை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் வெண்டை பறித்தார். நான்கே நான்கு. சாம்பாருக்குப் போதாது என்று கடையில் கால் கிலோ வாங்கிச் சேர்த்துக்கொண்டோம். குரூப்பில் போன படத்தில் என்னவோ அந்த நான்கு மட்டும்தான்.