ஆழ்கடலில் இருக்கும் மீனவருக்கு அஞ்சல் வாக்கு கோரும் மனு

அனுப்புநர்:
ஆழ்கடல் விசைப்படகு மீன்பிடித் தொழிலாளர் சங்கத்தினர்,
தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
தமிழ்நாடு, சென்னை.
(மாவட்டத் தேர்தல் அதிகாரி வழியாக)

நகல்: இந்தியத் தேர்தல் ஆணையம், புது தில்லி.

பொருள்: மக்களவைத் தேர்தலில் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் (தங்கல் தொழில்) ஆழ்கடல் மீனவர்களை அஞ்சல் வாக்குக்கு உரிய வகையினராக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் ஊர்களின் விசைப்படகுகள் சுறாவும் கேரை மீனும் தேடி மேற்குக் கடலில் வெகுதூரம் செல்பவை. ஒருமுறை கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகும். பிடித்த மீனைச் சொந்த ஊரில் இறக்குவதும் அரிது. கொச்சி, மங்களூரு, ரத்னகிரி என்று எந்தத் துறைமுகம் வாய்க்கிறதோ அங்கே இறக்கிவிட்டு, அங்கிருந்தே மறுபடியும் கடலேறுகிறோம். வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. வாக்குப்பதிவு நாளில் பெரும்பாலும் நாங்கள் ஊரில் இருப்பதில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தானே நிற்கும் என்று கேட்கப்படுகிறது. கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. மேற்குக் கடற்கரையில் அது தொடங்குவது ஜூன் 1-ஆம் தேதிதான். தமிழ்நாட்டில் 2014-இல் ஏப்ரல் 24, 2019-இல் ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19 ஆகிய நாள்களில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மூன்று முறையும் கிழக்குக் கடற்கரையிலுள்ள ராமேசுவரம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த எங்களுக்கோ தொழில் மும்முரமாக நடக்கும் காலம். வாக்களிக்க வேண்டுமானால் பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் போன படகால் அது இயலாது.

கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடித் தொழில் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எங்கள் உழைப்பு முழுவதும் அந்த எல்லைக்கு வெளியேதான் நடக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை எங்களை எட்டுவதும் தேடும் கப்பல்கள் வருவதும் பெரும்பாலும் ஒன்றிய அரசின் துறைகள் கையில்தான் இருந்தன. எங்கள் ஊர்கள் அந்தப் புயலுக்குக் கொடுத்த உயிர்விலை அரசுக்குத் தெரியும். நாடாளுமன்றம் எடுக்கும் முடிவுகளில் உயிரும் பிழைப்பும் இவ்வளவு தங்கியிருக்கும் தொழிலாளர்கள், அந்த நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வாய்ப்பற்று நிற்கிறார்கள். இந்த அநீதியே எங்களை இந்த மனுவை எழுத வைத்தது.

இன்றைய சட்டப்படி முப்படையினர், தம் மாநிலத்துக்கு வெளியே பணியாற்றும் ஆயுதக் காவல் படையினர், வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியர்கள், தேர்தல் பணியாளர்கள், தடுப்புக் காவலில் உள்ளோர் ஆகியோருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. 2019-இல் விதிகள் திருத்தப்பட்டு 80 வயது கடந்தோருக்கும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்றோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டது. 2024-இல் அந்த வயது 85 ஆக்கப்பட்டது. இவற்றை மனமார வரவேற்கிறோம். அதே கடலில் கடற்படைக் கப்பலில் நிற்கும் மாலுமிக்குக் கிடைக்கும் வாக்குச்சீட்டு, அருகே வலை இழுக்கும் மீனவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 60-ஆம் பிரிவின் (சி) உட்பிரிவு, அரசைக் கலந்து ஒரு வகையினரை அஞ்சல் வாக்குக்கு அறிவிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு ஆழ்கடல் மீனவரை அறிவிக்குமாறு கோருகிறோம்.

அறிவிப்பு மட்டும் வந்தால் போதாது. அஞ்சல் வாக்குக்கான விண்ணப்பமாகிய 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. 2024-இல் அறிவிக்கை மார்ச் 20-இல் வந்தது. அந்த ஐந்து நாளும் கடலில் இருந்தவர் என்ன செய்வார்? எனவே கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையில் டோக்கன் பெறும்போதே விண்ணப்பத்தைக் கொடுக்க இடம் வேண்டும். வேட்பாளர் இறுதிப் பட்டியல் வெளியாகும்போதும் படகு கடலில்தான் இருக்கும் என்பதால், தபாலில் ஊருக்கு வரும் சீட்டால் பயனில்லை. படைவீரர்களுக்கு 2016 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு வழி அஞ்சல் வாக்குச்சீட்டை, தேங்காய்ப்பட்டணம் முதல் வெராவல் வரை நாங்கள் மீன் இறக்கும் துறைமுகங்களிலேயே பெற்று, அங்கேயே வாக்களித்து, விரைவுத் தபாலில் அனுப்ப வழி செய்ய வேண்டும். வாக்குச்சீட்டுடன் அனுப்பும் 13ஏ படிவ உறுதிமொழியில் சான்றொப்பம் இல்லையென்றால் வாக்கு செல்லாது என்பதால், துறைமுகத்து மீன்வளத் துறை அலுவலருக்கு அந்த அதிகாரம் தர வேண்டும். அடையாளத்துக்கு எங்களிடம் பயோமெட்ரிக் அட்டை உள்ளது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். சீட்டுகளைப் படகு உரிமையாளரோ ஏஜெண்டோ மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எந்த வடிவிலும் வந்துவிடக் கூடாது. முன்பணக் கடனில் இருக்கும் தொழிலாளியின் வாக்கு கடன் கொடுத்தவர் கண்முன் போடப்பட்டால் அது அவருடைய வாக்காக இராது. மறைவிடமும், வேட்பாளர்களின் முகவர்கள் பார்வையிட வாய்ப்பும் கட்டாயம் வேண்டும். அஞ்சல் வாக்குக்குப் பதிந்தவர் முன்கூட்டியே ஊர் திரும்பினாலும் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது என்ற விதிக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.

வளைகுடா நாடுகளின் படகுகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்களின் நிலையையும் ஆணையம் கருத வேண்டும். வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தாலும் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தால்தான் வாக்கு. அவர்களுக்கும் மின்னணு வழிச் சீட்டை அனுமதிக்கலாம் என 2020-இல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அதை விரைந்து நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம்.

அடுத்த மக்களவைத் தேர்தலுக்குப் போதிய காலம் இருக்கிறது. மீன்வளத் துறையையும் எங்களைப் போன்ற சங்கங்களையும் அழைத்துக் கலந்தாய்வுக் கூட்டம் நடத்தி, எந்தெந்தத் துறைமுகங்களில் இந்த ஏற்பாட்டைச் செய்ய இயலும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்