காற்றுக்கும் கணக்குப் பார்க்கலாமா?

2024 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் மகளின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிர். உள்ளே வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆனால், காலையில் எழுந்து பார்த்தால் யன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்து சட்டங்களில் தேங்கி நிற்கும். முதல்நாள் பொரித்த மீனின் மணம் படுக்கையறையிலும் தங்கியிருக்கும். பேரனின் கட்டிலுக்குப் பின்னால், சுவர் மூலையில் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவனுக்குத் தொய்வு. இரவில் அவன் மூச்சிழுக்கும் ஓசை அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்கும்.

ஒருநாள் நிலக்கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது, வெப்பமூட்டிக்கு அருகே குழாய்கள் பொருத்தப்பட்ட உலோகப் பெட்டியொன்று தொங்குவதைக் கண்டேன். அதன் மின்செருகி கழற்றப்பட்டிருந்தது. மருமகனிடம் விசாரித்தேன்.

"அது சும்மா கரண்ட் இழுக்கிற சாமான், மாமா. குளிர்காத்தையும் உள்ளுக்குக் கொண்டு வருது. வந்த வருசமே நிப்பாட்டிப்போட்டன்" என்றார்.

அந்தப் பெட்டிதான் வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவி. அதை நிறுத்தி வைத்திருப்பவர் என் மருமகன் மட்டுமல்லர் என்பதைப் பின்னர் சென்ற வீடுகளிலும் கண்டேன். எனவே இது குறித்து எழுதுவது அவசியமெனப்பட்டது.

நாம் பிறந்து வளர்ந்த வீடுகளில் காற்றைப் பற்றி எண்ணவேண்டிய தேவை இருந்ததில்லை. நாற்சார் வீட்டின் முற்றமும், ஓடுகளின் இடுக்குகளும், குசினியின் புகைக்கூடும் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொண்டன. குளிர் நாடுகளின் வீடுகள் அத்தகையன அல்ல. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு வீடுகளின் இடுக்குகளையெல்லாம் அடைக்கத் தொடங்கினார்கள். வெப்பம் தங்கியது. அதனுடன் ஈரமும் புகையும் மூச்சுக்காற்றும் தங்கின. நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளிப்பு, துணி உலர்த்தல் ஆகியவற்றால் நாளொன்றுக்குச் சுமார் 10 லீற்றர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அது வெளியேற வழியில்லாவிடின் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று கனடாவிலேயே நிகழ்ந்தது. 1977 இல் சஸ்காட்சுவான் மாகாணத்தின் றெஜைனா நகரில், ஹரோல்ட் ஓர் உள்ளிட்ட பொறியியலாளர்கள் காற்றுப்புகா வீடொன்றை அமைத்து, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவியையும் அதில் பொருத்தினர். ஜேர்மனியின் டார்ம்ஸ்ரட் நகரில் 1990-91 இல் உருவான முதலாவது 'பசிவ்ஹவுஸ்' வீடுகளும் இதே கொள்கையைப் பின்பற்றின.

கருவியின் செயற்பாடு எளிமையானது. ஒரு விசிறி குளியலறை, குசினிப் பக்கங்களிலிருந்து ஈரக்காற்றை வெளியே தள்ளுகிறது. மற்றொன்று அதேயளவு புதிய காற்றைப் படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் அனுப்புகிறது. இரண்டும் சமமாக இருப்பதால்தான் இதனைச் சமநிலைக் காற்றோட்டம் என்கிறார்கள். பெட்டியின் நடுவே மெல்லிய தகடுகளாலான பகுதியில் இரு காற்றுகளும் ஒன்றோடொன்று கலவாமல் அருகருகே கடந்து செல்கின்றன. அப்போது வெளியேறும் காற்றின் வெப்பம் உள்வரும் காற்றுக்குக் கைமாறுகிறது.

மருமகனின் கணக்கைச் சற்றுச் சரிபார்ப்போம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை, உள்ளே 21 பாகை என்று கொள்வோம். கருவி நூற்றுக்கு 75 வீத வெப்பத்தை மீட்குமாயின், உள்வரும் காற்று ஏறத்தாழ 11 பாகையாக வந்து சேரும். எஞ்சிய 10 பாகையை மட்டுமே வெப்பமூட்டி ஈடுசெய்ய வேண்டும். யன்னலைத் திறந்து அதே அளவு காற்றை எடுத்தால் 41 பாகையையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். 60 வாற்று இழுக்கும் கருவி நாள் முழுவதும் இயங்கினாலும் செலவாகும் மின்சாரம் ஒன்றரை அலகுக்கும் குறைவு. பழைய மின்குமிழ் ஒன்றை எரியவிட்டதற்குச் சமமான இச்செலவை மிச்சம்பிடிக்கப் போய், சுவருக்கு மீண்டும் மீண்டும் வர்ணம் பூசுகிறோம். பிள்ளைக்கு மருந்து வாங்குகிறோம். இதனைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் குறையை நம்மவர் மீது மட்டும் சுமத்துவது நீதியாகாது. வீடு கைமாறும்போது இக்கருவியைப் பற்றி ஒருவரும் விளக்குவதில்லை. அதன் வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கழுவவோ மாற்றவோ வேண்டும். வெளிச்சுவரிலுள்ள காற்று வாயைப் பனியும் சருகும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளின் வீட்டில் நாங்கள் கழற்றிய வடிகட்டி கம்பளித் துண்டுபோல் தடித்துக் கறுத்திருந்தது. இரைச்சலுக்கும் சமநிலை குலைவதற்கும் அதுவே போதும்.

இக்கருவி சர்வரோக நிவாரணியன்று என்பதையும் சொல்லவேண்டும். பொரியல் எண்ணெய்ப் புகையை இது ஏற்காது. அடுப்புக்கு மேலே வெளியே திறக்கும் தனி விசிறி கட்டாயம் வேண்டும். கடுங்குளிரில் காற்றை அளவுக்கு மீறி உலர்த்திவிடுவதும் உண்டு. அப்போது வேகத்தைக் குறைக்கலாம். ஈரத்தின் ஒரு பகுதியையும் மீட்டுத் தரும் வகையைத் தெரிவுசெய்யலாம். 2023 ஜூன் மாதத்தில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவைச் சூழ்ந்ததுபோன்ற நாட்களில், சாதாரண வடிகட்டி நுண்துகளைத் தடுக்காது என்பதால் கருவியைத் தற்காலிகமாக நிறுத்துவதே தகும். வீட்டு யன்னல்களை ஆண்டு முழுவதும் திறந்து வைக்கக்கூடிய யாழ்ப்பாணத்துக்கு இக்கருவியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால், என் மனத்தை உறுத்துவது வேறொன்று. மகளின் வீட்டு நிலக்கீழ்த்தளத்தில் இளங்குடும்பமொன்று வாடகைக்கு இருந்தது. அங்கு பூஞ்சணம் மேல்தளத்திலும் அதிகம். "அதுகள் நெடுகச் சமைக்கிறதால வாறது" என்றார் மருமகன். கருவியின் ஆளியோ மேல்தளத்தில், அவர் கையில் இருந்தது.

இதே பேச்சு இங்கிலாந்தில் ஓர் உயிரின் விலையாக முடிந்தது. றொச்டேல் நகரின் சமூக வீடொன்றில் வசித்த, சூடானியப் பெற்றோரின் குழந்தை அவாப் இஷாக், 2020 டிசம்பரில் இரண்டு வயதில் இறந்தான். நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அன்றாடச் சமையலும் குளிப்பும் உண்டாக்கும் ஈரத்தை வெளியேற்றப் போதிய காற்றோட்டம் அவ்வீட்டில் இருக்கவில்லை. குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என ஊகித்தது தவறென்று வீட்டின் பொறுப்பாளர்கள் பின்னர் ஒப்புக்கொண்டனர். அக்குழந்தையின் பெயரால் 2023 இல் சட்டம் நிறைவேறி, 2025 ஒக்டோபரில் அதன் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டை, சமூக வீடுகளின் உரிமையாளர்கள் 10 வேலைநாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும்.

அந்நிய நாட்டு அதிகாரி நம் சமையலைக் குறைகூறினால் இனவாதம் என்கிறோம். சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரிடம் அதையே நாம் கூறினால் அதற்கு என்ன பெயர்? சமைப்பதும் குளிப்பதும் குற்றமல்ல. மூச்சு விடுவதும் குற்றமல்ல. அவற்றின் ஈரத்தை வெளியேற்ற வழி செய்யவேண்டியது, வாடகை வாங்குபவரின் கடமை.

நான் புறப்படுவதற்கு முந்திய வாரம் மருமகன் வடிகட்டிகளைக் கழுவிக் கருவியை இயக்கினார். சில நாட்களில் யன்னல்கள் தெளிந்தன. பேரனின் தொய்வு தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவவேண்டிய வேலையும், மருத்துவரிடம் போகவேண்டிய வேலையும் எஞ்சியிருந்தன. ஆனால், கருவியின் ஆளி இப்போது கீழ்த்தளத்துக் குடும்பத்தின் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி தொங்கக்கூடும். இன்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.