சித்தூர் போனால் கிடைக்கும்

வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர். மாநில எல்லையைத் தாண்டியதும் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறுகின்றன. கடைக்காரர் பெரும்பாலும் தமிழிலேயே பதில் சொல்வார். மருந்துக்கடை அலமாரியும் மாறுகிறது. அவசர கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-ல் அனுமதித்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். தமிழகத்தில் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆனாலும் பல கடைகள் ஆண்டுக்கணக்கில் அதை வாங்கி வைப்பதே இல்லை. (ஆணுறை மட்டும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும்.)

பேருந்து பிடித்துப் போவதில் வீணாவது நேரம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளிவருவதை அது தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தரித்துவிட்ட கருவை அது கலைக்காது. இது தெரியாததால்தான் கடைக்காரர் 'கலைக்கிற மாத்திரையா?' என்று முகம் சுளிக்கிறார். நாள் தள்ளிப்போன பெண்ணும் அதையே விழுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறாள்; வாரங்கள் ஓடிவிடுகின்றன.

கலைக்கும் மாத்திரை வேறு. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் சீட்டின் பேரில். சீட்டு வெறும் சம்பிரதாயமல்ல. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகளால் கலையாது. ரத்தப்போக்கைப் பார்த்து 'முடிந்தது' என்று அவள் நினைத்திருக்கும்போதே குழாய் வெடிக்கலாம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்தாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம், விடாத ஜுரம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 9 வாரம் தாண்டிவிட்டால், 12 வாரம் வரை கருவை உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு. சில நிமிட வேலை.

கருக்கலைப்பை அனுமதிக்கும் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். ஆனாலும் 'வீட்டுக்காரரைக் கூட்டி வாம்மா' என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது, மணமாகாதவளுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. அவள் பெயரை வெளியிடுவதும் 2021-ம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். 'திருப்பதிக்குப் போகிறேன்' என்றால் வீட்டில் யாரும் துருவிக் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனைக்கும் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் சட்டம் ஒன்றே.