சாவி யாரிடம்?

நண்பர்கள் கூடிப் படங்களையும் குரல் பதிவுகளையும் போட்டுப் பூட்டி, 20 ஆண்டு கழித்துத் திறக்கும் 'காலப் பெட்டக' செயலியை வடிவமைப்பவர்கள் திருவனந்தபுரத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. பூட்டுவது சுலபம். யார் திறப்பது என்பதில்தான் வில்லங்கம்.

பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2011-ல் திறக்கப்பட்டன. 'பி' அறையை மட்டும் திறக்கவில்லை. அரச குடும்பம் எதிர்த்தது. கடைசியில், 2020-ல், நீதிமன்றம் அந்த முடிவைக் கோயில் குழுக்களிடமே விட்டுவிட்டது. அவசரத்துக்கும் உதாரணம் உண்டு. டெல்லி செங்கோட்டையில் 1973-ல் இந்திரா காந்தி அரசு புதைத்த காலப் பெட்டகத்தை, 1977-ல் ஜனதா அரசு தோண்டியெடுத்தது. பலருக்குப் பங்குள்ள பெட்டகத்துக்கு விதி முதலிலேயே வேண்டும்: எத்தனை பேர் சம்மதித்தால் திறக்கலாம்? ஒருவர் இறந்துவிட்டால்? ஒருவர் தன் படத்தைத் திரும்பக் கேட்டால்?

இன்னொரு ஆபத்து, தேதி வருவதற்குள் நிறுவனமே கடையைக் கட்டிவிடலாம். இந்தியர்கள் மொய்த்த ஆர்குட்டை 2014-ல் கூகுள் மூடியது. இதற்கான விடையும் இதே ஊரில் இருக்கிறது. கோட்டைப் பகுதி ஆவணக் காப்பகத்தில் பனையோலைச் சுவடி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய நிர்வாகக் கணக்குகள் அங்கே உள்ளன. அவற்றைப் படிக்க இயந்திரம் வேண்டாம். பழைய எழுத்து தெரிந்தவர் போதும். தவிர, ஓலைகளைச் சுத்தம் செய்து பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

செயலிக்கும் அதுவே வழி. எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில், பூட்டிய பிரதி ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். சாவியும் நிறுவனத்திடம் மட்டும் இருக்கக் கூடாது. நிறுவனம் போனாலும் நினைவு போகக் கூடாது.