ஓடும் வாட் வேறு, கிளம்பும் வாட் வேறு

மின் கம்பம் எட்டாத தோட்டங்களில் சோலார் தகடும் லித்தியம் பாட்டரியும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது இப்போது புதுமையல்ல. விளக்கு, மின்விசிறி, கைபேசி சார்ஜ் என்ற அளவில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தகராறு தொடங்குவது தீவனம் நறுக்கும் இயந்திரத்தின் சுவிட்சைப் போடும்போதுதான். மோட்டார் உறுமுகிறது, விளக்குகள் மங்குகின்றன, அடுத்த நொடி எல்லாம் அணைந்துவிடுகிறது. பாட்டரியைப் பார்த்தால் 80 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டுகிறது. விற்றவரைக் கேட்டால், "இன்னொரு பாட்டரி போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்.

ஒரு லித்தியம் பாட்டரி என்பது ஒன்றிரண்டு கறவை மாடுகளின் விலை. இரண்டு ஏக்கர்க்காரர் அந்தப் பணத்தைப் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த யோசனை பெரும்பாலான இடங்களில் தவறானது, பணத்தைத் தேவையில்லாத இடத்தில் கொட்டச் சொல்வது என்பது என் கருத்து. முதலில் மோட்டாரைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தனக்குள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் கரண்டை அதுதான் கட்டுக்குள் வைக்கிறது. நின்ற நிலையில் அந்தத் தடுப்பு இல்லை. சேற்றில் நிற்கும் பார வண்டியைக் கிளப்ப மாடு எவ்வளவு முக்க வேண்டியிருக்கிறது, கிளம்பிய பிறகு எவ்வளவு எளிதாக இழுக்கிறது! அதே கதைதான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். 2 ஹெச்.பி. மோட்டார் அச்சில் கொடுப்பது சுமார் 1,500 வாட். சேதாரத்தையும் சேர்த்தால் அது எடுத்துக்கொள்வது 2,000 வாட் அளவுக்கு வரும். சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டில் 10 அல்லது 11 ஆம்பியர். ஆனால் கிளம்பும் நேரத்தில் இப்படிப்பட்ட மோட்டார் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அதாவது 50 முதல் 60 ஆம்பியர் வரை, 12 கே.வி.ஏ. அளவுக்கு ஒரு சுமை. ஒரு நொடிக்குத்தான். கம்பத்து மின்சாரத்தில் இந்த ஒரு நொடியை டிரான்ஸ்பார்மர் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டது. அதனால் நமக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. நம் கொட்டகையில் நாமே மின்சார வாரியம் என்று ஆகும்போது அந்த ஒரு நொடிக்கும் நாம்தான் பொறுப்பு.

இப்போது இன்வர்ட்டரைப் பாருங்கள். 5 கே.வி.ஏ. என்று மேலே எழுதியிருப்பது தொடர்ந்து ஓடும் சுமைக்கு. கிளம்பும் இழுப்பை எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ள, தூக்கினால் இடுப்பைப் பிடிக்கிற கனமான இன்வர்ட்டர்கள் பொதுவாக இதை நன்றாகத் தாங்குகின்றன. டிரான்ஸ்பார்மர் இல்லாத இலேசான இன்வர்ட்டர்கள் விலையில் மலிவு, ஆனால் இந்த விஷயத்தில் பலவீனம். "இரண்டு மடங்கு தாங்கும்" என்று போட்டுவிட்டு எத்தனை நேரம் என்று போடாத விளம்பரத்தை நம்பக்கூடாது. நொடியில் நூற்றில் சில பங்கு தாங்குவதும் ஐந்து நொடி தாங்குவதும் ஒன்றல்ல. தீவன இயந்திரத்தின் கனத்த சக்கரம் வேகம் பிடிக்கவே ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி ஆகும்.

இன்வர்ட்டர் திணறி வோல்டேஜ் 80 சதவீதமாக இறங்கினால் மோட்டாரின் முறுக்கு விசை 64 சதவீதமாகிவிடும். இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது காயில் கட்டும் கடையில்தான் கொண்டுபோய் விடும்.

அடுத்தது பாட்டரி. இங்கேதான் விவசாயிகள் மிகவும் ஏமாந்து போகிறார்கள். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 5 யூனிட் மின்சாரம் இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் யூனிட் என்பது குதிரில் இருக்கும் நெல். ஆம்பியர் என்பது குதிரின் வாய். குதிர் நிறைய நெல் இருந்தாலும் வாய் சிறிதானால் ஒரே மூச்சில் ஒரு மூட்டையைச் சரித்துவிட முடியாது. இந்த வாயைக் காவல் காப்பது பாட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் மின்னணுப் பலகை. அது தொடர்ந்து 100 ஆம்பியர் விடும் வகையானால், வெளியே வருவது 5,000 வாட் அளவுதான். இன்வர்ட்டர் 10,000 வாட் கேட்டால், சேதாரத்துடன் பாட்டரியிலிருந்து சுமார் 217 ஆம்பியர் வர வேண்டும். பி.எம்.எஸ். இதைச் சில நொடி பொறுக்கலாம், பொறுக்காமல் உடனே மூடிவிடவும் செய்யலாம். பழைய ஈய-அமில பாட்டரி இப்படிப்பட்ட இழுப்பில் சோர்ந்து போகும், வோல்டேஜ் இறங்கும், ஆனாலும் ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கும். லித்தியம் பாட்டரி சோர்வதில்லை, கதவையே சாத்திவிடுகிறது. 24 வோல்ட் ஏற்பாடானால் நிலைமை இன்னும் மோசம். அதே 5,000 வாட்டுக்கே 200 ஆம்பியரை நெருங்கிவிடும். மோட்டார் ஓட்டும் எண்ணம் உள்ளவர்கள் 48 வோல்ட்டுக்குக் குறைவாக வைக்க வேண்டாம்.

இந்தக் கதவு உபத்திரவமாக இருக்கிறதென்று பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேராக இணைத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். ஃபியூசுக்குப் பதில் தாமிரக் கம்பியைச் சுற்றுவதும் இதே ரகம்தான். வைக்கோல் போருக்கு அருகில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது பாட்டரியை இணையாகச் சேர்த்தால் வாய் அகலமாகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்வர்ட்டரே தாங்காதபோது அதனால் என்ன பயன்? மேலும், இரண்டுக்கும் கேபிள் நீளம் சமமாக இல்லாவிட்டால் ஒன்று அதிகமாக இழுபட்டு முதலில் மூடிக்கொள்ளும். முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழுந்து அதுவும் மூடிக்கொள்ளும்.

கம்பியையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இன்வர்ட்டர் வீட்டில், தீவனக் கொட்டகை 30 மீட்டர் தள்ளி. இடையே போட்டிருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. 50 ஆம்பியர் இழுக்கும் அந்த நொடியில் கம்பியிலேயே 36 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 14 வோல்ட்டோடு நிற்கும். பாட்டரியை வாங்கும் முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது மலிவு. பாட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் இடையில் உள்ள கேபிள் பருமனாகவும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாகவும் இருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான மருந்து மோட்டாரின் பக்கத்தில்தான் இருக்கிறது. இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மானியத்துடன் வந்த 5 ஹெச்.பி. சோலார் பம்புசெட்டைப் பாருங்கள். அதற்குப் பாட்டரியே கிடையாது. தகடுகளின் மொத்தத் திறன் 4,800 வாட். ஒரு கண நேரத்துக்குக்கூட அதற்கு மேல் கொடுக்க வழியில்லை. சாதாரண முறையில் ஒரேயடியாகக் கிளப்பினால் 5 ஹெச்.பி. மோட்டார் இதைப்போல் பல மடங்கு கேட்கும். இருந்தும் காலையில் பம்பு தானாகக் கிளம்பித் தண்ணீர் கொட்டுகிறதே, எப்படி? அதன் கண்ட்ரோலர் மின்சாரத்தின் அலைவெண்ணைக் குறைவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, மோட்டாரை நடக்கப் பழக்கிப் பிறகு ஓட விடுகிறது. இழுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதே வேலையை வி.எஃப்.டி. என்னும் டிரைவ் பெட்டி தீவன இயந்திரத்துக்கும் செய்யும். ஆனால் கொட்டகைகளில் சாதாரணமாக உள்ள, கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இது பொருந்தாது. மூன்று பேஸ் மோட்டார் வேண்டும். சிங்கிள் பேஸ் உள்ளே வாங்கி மூன்று பேஸ் வெளியே கொடுக்கும் டிரைவ்கள் கிடைக்கின்றன. ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்கு உள்ள 2 ஹெச்.பி. மோட்டாரை டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட்டில் ஓடும். அதற்கு மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும்; எலக்ட்ரீஷியனிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார், டிரைவ் இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு இரண்டாவது பாட்டரியின் விலையில் ஒரு பங்குதான். அப்புறம் 5 கே.வி.ஏ. இன்வர்ட்டரும் ஒரே பாட்டரியும் போதும்.

செலவே இல்லாத வழிகளும் உண்டு. இயந்திரத்தின் வாயில் சோளத்தட்டையைத் திணித்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போடக்கூடாது; வெறுமனே கிளப்பி, வேகம் பிடித்த பிறகே தட்டையைக் கொடுக்க வேண்டும். கம்ப்ரஸரில் பழைய காற்றைத் திறந்து விட்டுவிட்டுக் கிளப்ப வேண்டும். இரண்டு மோட்டார்களை ஒரே நேரத்தில் போடக்கூடாது. இரும்பு அறுக்கும் கை கிரைண்டர், டிரில் போன்ற கார்பன் வைத்த கருவிகளின் இழுப்பு இன்னும் குறுகியது. சிறியதாக இருந்தால் கவலையில்லை. 2,000 வாட்டைத் தாண்டிய பெரிய கட்டிங் இயந்திரம் மட்டும் தொல்லை தரும். மெதுவாகக் கிளம்பும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். புல் வெட்ட, கிளை அறுக்க, மருந்து தெளிக்க, தன் பாட்டரியிலேயே ஓடும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றைச் சார்ஜ் போடும்போது எந்த இழுப்பும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே நல்லது. நெல் அரவை இயந்திரம் போன்ற பாரமான வேலைகளுக்கு டீசல் எஞ்சினை விற்றுவிடாமல் வைத்திருப்பவரை நான் பிற்போக்கு என்று சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் விவசாயி தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விடுவது நியாயமல்ல. கொட்டேஷனில் மூன்று எண்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: இன்வர்ட்டர் தொடர்ந்து தாங்கும் வாட், கிளம்பும் நேரத்தில் தாங்கும் வாட், அதுவும் எத்தனை நொடி, பாட்டரியின் பி.எம்.எஸ். விடும் அதிகபட்ச ஆம்பியர், எத்தனை நொடி. இவற்றைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். வேளாண் பொறியியல் துறை, மோட்டார் கிளம்பும் இழுப்பைக் கிளாம்ப் மீட்டர் வைத்து விவசாயிகள் கண்முன் அளந்து காட்ட ஏற்பாடு செய்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

அதுவரை ஒன்று செய்யலாம். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொட்டகையில், உங்கள் இயந்திரத்தையே கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டரி நிறைந்திருக்கும் நண்பகலில் அல்ல. மாலையில், பாட்டரி பாதிக்குக் கீழே இறங்கி, வீட்டில் ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில். மூன்று முறை, இடையில் ஐந்து நிமிடம் விட்டு, கிளப்பிக் காட்டட்டும். பிறகு பணம் கொடுங்கள்.