பாட்டன் போட்ட கையெழுத்து

அன்பு வாசகர்களுக்கு,

பனிக்காலம் பிறந்தால் பழவேற்காட்டில் கூட்டம் கூடிவிடும். பூநாரை பார்க்கவும் நண்டும் இறாலும் வாங்கவும் வருகிறவர்கள், போகிற போக்கில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் படம் எடுத்துக்கொள்வார்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள். தொல்லியல் துறை அவற்றைப் பேணிவருகிறது. அந்தக் கற்களில் இடம்பெறாத ஒரு கூட்டத்தைப் பற்றி இந்த மாதம் உங்களிடம் பேச வேண்டும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கடற்கரை முழுவதிலும் அதன் வியாபாரத்துக்குத் தலைமையிடம், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, இதுதான். இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று, மனிதர்களும் போனார்கள். 1621-இல் ஜாதிக்காய்க்காக இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவுகளின் மக்களைக் கம்பெனிப் படை கொன்றும் விரட்டியும் தீர்த்தது. 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது வரலாற்றாளர்கள் போடும் கணக்கு. ஆளில்லாமல் போன தோட்டங்களுக்கும், புதிதாக எழுந்த பட்டாவியா நகரத்துக்கும் கைகள் தேவைப்பட்டன. 1622-23-இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறக்குறைய 1,900 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். 1659-61-இல் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் சூறையாடியபோது எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். மழை பொய்த்து நெல் விலை ஏறினால் கப்பல் நிறையும். விளைச்சல் கண்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே, அடிமை முறைக்காகத் தம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஹேக் நகரில் கம்பெனியின் கணக்கேடுகள் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகமே அதற்கு இடமாக இருந்தது. ஆசியாவில் கம்பெனியின் ஆளுகைக்குள் ஆறு லட்சத்து அறுபதாயிரம் முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரை விற்கப்பட்டதை அவர் அந்த உரையிலேயே சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று மன்னர் வில்லம் அலெக்சாந்தரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இந்த மன்னிப்பு முகம் பார்த்துப் பேசியது பெரும்பாலும் சூரிநாமோடும் கரீபியத் தீவுகளோடும்தான். பழவேற்காட்டின் கோட்டைக்குப்பத்துக்கோ ஆண்டிக்குப்பத்துக்கோ அது ஒரு செய்தியாகக்கூட வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன்.

நானூறு வருஷத்துக் கதைக்கு இன்று யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெருங்கொடுமைகளுக்குப் பிறகு ஒரு சமூகம் எப்படித் தலைநிமிர்வது என்று ஆராயும் துறைக்கு நிலைமாறுகால நீதி என்று பெயர். உண்மையை வெளிக்கொணர்தல், குற்றவாளியை விசாரித்தல், இழப்பீடு கொடுத்தல், மறுபடி நேராமல் தடுத்தல் என்று நான்கு கடமைகளை அது வகுக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டூட்டு தலைமை வகித்த உண்மை ஆணையம் 1960-க்குப் பிந்தைய கொடுமைகளை மட்டுமே விசாரித்தது. அதே நாட்டின் கேப் டவுனில் வங்காளம், மலபார், சோழமண்டலம் என்று பிறந்த ஊரையே பெயரோடு சுமந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மூதாதையர் பட்ட பாடு அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்டது. எங்கேயாவது கோடு கிழித்தாக வேண்டும்தான். ஆனால் கோட்டுக்கு அப்பால் இருப்பதெல்லாம் கணக்குத் தீர்ந்தது என்று ஆகிவிடாது.

இந்தச் சிக்கலை நம் ஊர் ஒரு கதையாக என்றோ பேசிவிட்டது. சுந்தரர் மணப்பந்தலில் உட்கார்ந்திருக்க, ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே மூல ஓலை வெளியே வருகிறது. பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பேரன் கட்டுப்பட்டவன்தான் என்கிறார்கள் அவையோர். வந்தவர் இறைவன் என்பதால் நாம் அதைப் பக்தியோடு கேட்கிறோம். பக்தியைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தால், பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனைக் கட்டுமா என்பதே அங்கே வழக்கு.

என் பதில் இது: எழுதிக்கொடுத்த அடிமைத்தனம் பேரனைக் கட்டக் கூடாது; வாங்கிக்கொண்ட லாபம் கட்ட வேண்டும். கம்பெனி 1799-இல் முடிந்தபோது அதன் உடைமைகளையும் கடன்களையும் டச்சு அரசே ஏற்றது. சொத்துக்கு வாரிசாக வந்தவர் கடனுக்கும் வாரிசு என்பதை எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளும். மன்னிப்புக் கேட்டவர்கள் பெருந்தன்மை காட்டவில்லை. பழைய பாக்கியை ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் அதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். ஆள் பிடித்துத் துறைமுகத்தில் சேர்த்தவர்களில் உள்ளூர்த் தரகர்கள் உண்டு. டச்சுக்காரர் வருவதற்கு நானூறு ஆண்டு முன்பே, பஞ்சம் தாங்காமல் ஒருவர் தம் இரண்டு மகள்களோடு கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு சொல்கிறது. கப்பல் அவர்களுடையது, பசித்தவனை விலைபேசும் வழக்கம் இங்கேயும் இருந்தது. போனவர்களின் பிள்ளைகள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். இங்கே மிஞ்சிய நாம் முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களும் அல்ல, முழுக்கக் குற்றவாளிகளும் அல்ல.

எனவே பணம் கேட்பது நம் முதல் வேலையாக இருக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் நமக்கு அதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இழப்பீட்டை நீட்டியபோது, என் பிள்ளை எங்கே என்பதற்கு முதலில் பதில் சொல் என்றார்கள். உண்மை முந்த வேண்டும்; மற்றவை பிறகு.

பழவேற்காட்டில் அந்த உண்மையை எழுத வழி இருக்கிறது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உள்ளன. படித்துச் சொல்லும் ஆய்வாளர்களுக்கு நம் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தரட்டும். கோட்டை இருந்த இடத்தில், இங்கிருந்து மனிதர்கள் விற்கப்பட்டார்கள் என்று தமிழில் ஒரு பலகை நிற்கட்டும்.

மறுபடி நேராமல் தடுக்கும் நான்காவது கடமை இன்னும் அருகில் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு என்ற அருமையான ஏற்பாடு இந்தக் குப்பங்களுடையது. காலங்காலமாக அந்தப் பாட்டுக்கு வெளியே நின்று, தண்ணீரில் துழாவிக் கையால் இறால் பிடித்தவர்கள் இருளர்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டவர்களில் பலரும் அவர்களே. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. பசிக்குக் கடன் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும் கணக்கு மட்டும் ஓலையிலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு மாறியது.

உங்களில் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், படகோட்டிகள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பம் இருப்பது தெரிந்தால் கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். மீட்டு விடுவிப்புச் சான்று தரும் பொறுப்பு அவருடையது. பிறகு எங்களுக்கும் எழுதுங்கள். டச்சு மன்னர் தம் பாட்டனார் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நம் பேரப்பிள்ளைகள் மன்னிப்புக் கேட்க நேராதபடி, நம் காலத்துக் கணக்கை நாமே இப்போது பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்