குழந்தை எடை கம்மியா பிறந்தா தப்பு அம்மா மேலயா, தெரு மேலயா?

குழந்தை எடை கம்மியா பிறந்துட்டா முதல் கேள்வி அம்மாவுக்குத்தான். "ஒழுங்கா சாப்பிட்டியா? செக்கப்புக்குப் போனியா?" அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று காட்டிய ஊர் அமெரிக்காவின் சிகாகோ.

2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடைக் குறைவு. 37 வாரம் முடிவதற்கு முன்பே பிறந்தால் குறைப்பிரசவம். அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்களுக்கு இரண்டுமே அதிகம். 'மரபணுதான் காரணம்' என்ற பேச்சு அங்கே ரொம்ப நாளாக ஓடியது. சொல்வதற்கு வசதியான காரணம், யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லையே!

ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு சிகாகோ மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் 1980-95 பிறப்புப் பதிவுகளை எடுத்து, 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரி 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாய்மார்களின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள்? 3,089 கிராம்தான். மரபணு காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் குழந்தைகள்தானே கடைசியில் இருக்க வேண்டும்?

அப்போ சிக்கல் ரத்தத்தில் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. அந்த வாழ்க்கையில் தெருவின் பங்கு எவ்வளவு?

சமூகவியலாளர் ஜெஃப்ரி மொரனாஃப் 2003-ல் சிகாகோவின் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வன்முறைக் குற்றங்கள் அதிகமுள்ள பகுதிகளில் பிறப்பு எடை குறைந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைமாற்றாக உதவிக்கொள்ளும் பகுதிகளில், உள்ளூர்ச் சங்கங்களில் மக்கள் சேர்ந்து இயங்கும் பகுதிகளில் எடை கூடியது. இன்னொன்று, சுற்றியிருக்கும் ஏரியாக்களின் நிலைமையும் சேர்ந்தே பாதிக்கிறது. நம்ம தெரு அமைதியா இருந்தா மட்டும் போதாது.

பயம் எப்படிக் கருப்பைக்குள் போகிறது? தொடர்ந்து பதற்றத்தில் இருக்கும் உடலில் கார்டிசால் ஹார்மோன் ஏறும். அது நஞ்சுக்கொடியைத் தூண்டி, பிரசவத்தை முன்னாலேயே இழுத்துவரும் வேதிச் சமிக்ஞைகளைக் கூட்டும். இது உடலுக்குள்ளே நடப்பது. வெளியே பார்த்தால் ராத்திரி தூக்கம் போகும், சாயங்காலம் நடக்கப் போக முடியாது, நல்ல காய்கறிக் கடை அந்தப் பக்கமே வராது.

'ஏழைகள்தான் அங்கே இருக்காங்க, அதனாலதான்' என்று இதற்கு ஒரு பதில் வரும். பாதி நியாயம். ஆனால் பிரேசிலின் சிறு நகரங்களில் நடந்த கொலைகளை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு அந்தப் பதிலையும் சோதித்தது. ஊர் அதே ஊர்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அங்கே கொலை நடந்திருந்தால், எடை குறைந்த குழந்தைகள் கூடின. படிப்பு குறைந்த தாய்மார்களுக்குத்தான் அடி பலம்.

இவர்களுக்கு அந்தத் தெருவைவிட்டு வேறு இடம் போகவும் வழியிருக்கவில்லை. சிகாகோவில் 1930-களில் அரசு அமைப்பே கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்துவைத்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படி ஒதுக்கப்பட்ட தெருவில் வாழும் பெண்ணிடம் 'தினமும் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க' என்று சீட்டு எழுதிக் கொடுப்பது என்ன வைத்தியம்?

தெருவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கு ஃபிலடெல்ஃபியா உதாரணம். பாழடைந்த காலிமனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, நாலு மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சரிசெய்யாத மனைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கான பட்ஜெட்டில் காலிமனைக்கு எந்த ஊரும் பணம் ஒதுக்குவதில்லை. அது சுகாதாரத் துறை வேலை இல்லையாம்.